விழித்திருப்பவளின் குளிர்காலம்

"தூங்கி எழுந்தா முடிஞ்சு போச்சு. இதுக்குப் போய் எதுக்கு இவ்வளவு யோசனை?" என்று எழில் கேட்டான்.

"தூங்கப் போறது நீங்க. முழிச்சிருக்கப் போறது நான்."

"நைட் டியூட்டி உனக்கு அல்வா சாப்பிடுற மாதிரியாச்சே! ஐ.சி.யூ.வுல இத்தனை வருஷமா வேற என்ன பண்ற?"

"இது மூணு மாச நைட் டியூட்டிங்க. அங்க சூரியனே வராதாம்."

"நாங்க கண்ணை மூடுறப்போ நீ பக்கத்துல நிப்ப. கண்ணைத் திறக்குறப்பவும் நிப்ப. எங்களுக்கு ஒரே ஒரு ராத்திரி. அவ்வளவுதான் மேகலா."

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜூஸ் கடையில் நின்று அவர்கள் இதைப் பேசினார்கள். ஒரு வயதுத் தேன்மொழி எழிலின் தோளில் எச்சில் வழியத் தூங்கிக்கொண்டிருந்தாள். நான்கு வயது முகிலன் சாத்துக்குடி ஜூஸ் தீர்ந்த பிறகும் வெறும் தம்ளரை உறிஞ்சிச் சத்தம் கிளப்பிக்கொண்டிருந்தான். எங்களுக்கு ஒரு ராத்திரி என்கிறானே, எனக்கு எத்தனை என்று கேட்க மேகலாவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்தக் கோடையில் தெருவில் தண்ணீர் லாரி வந்து பன்னிரண்டு நாளாகியிருந்தது. முகிலனுக்கு வேர்க்குரு சீழ் பிடித்துக் காய்ச்சலில் கொண்டுபோய் விட்டிருந்தது. வடக்கே, பனியும் தண்ணீரும் தவிர வேறெதுவும் இல்லாத ஒரு தீவு நகரம், செவிலியர் வேலைக்குக் குடும்பத்தோடு வா என்று கூப்பிட்டிருந்தது.

"சரி. நான் பார்த்துக்கறேன்" என்றாள் மேகலா.

அந்தப் பேச்சுக்குப் பின் வந்த ஐந்தாவது குளிர்காலம் இது. ஹால்மோ நகரம் தூங்கப் போகும் நாள்.

மேகலா வாசலருகே குனிந்து பனிக்காலணியை இறுக்கிக்கொண்டிருந்தாள். ஊரே மூன்று மாதம் தூங்கும் உறக்கமனையில் செவிலியர்கள் முன்னதாகப் போய், கண்ணாடி மூடி போட்ட படுக்கைக் கூடுகளைத் தயார் செய்ய வேண்டும். ஊர்க்காரர்கள் மதியத்திலிருந்து வரத் தொடங்குவார்கள். எழில் பிள்ளைகளைப் பிறகு அழைத்து வருவான்.

"நம்ம ஏன் தூங்கணும்?" என்று தேனு, இப்போது ஆறு வயதான தேன்மொழி, கேட்டாள். வருடா வருடம் கேட்பதுதான்.

"கரடி தூங்குதுல்ல, அந்த மாதிரி" என்றான் முகிலன்.

"நான் கரடியா?"

"சந்தேகமா? போன வாரம் என்னைக் கடிச்சியே." அவன் கையை மடக்கிக்கொண்டு வகுப்பு எடுக்கும் தோரணையில் சொன்னான். "இருட்டு மாசத்துல எல்லா வீட்டுக்கும் சூடு ஏத்தினா எரிக்கிறதுக்கு ஒண்ணும் மிஞ்சாது. பூமிக்கும் காய்ச்சல் கூடிரும். ஊரே ஒரே கட்டடத்துல தூங்கிட்டா, அதுக்கு மட்டும் கொஞ்சமா சூடு போதும். உடம்பு மெதுவா ஓடும். பசிக்காது, வளர மாட்டோம். மிஸ் சொன்னாங்க."

"அப்பா நடுவுல ஏன்?"

"சின்னப் பசங்க இதயம் தனியா தூங்கினா தடுமாறும். பெத்தவங்க ஒருத்தரோட துடிப்பைப் பிடிச்சுக்கிட்டா ஒழுங்கா போகும். நம்ம ரெண்டு பேருக்கும் அப்பாதான் இன்ஜின். பன்னெண்டு வயசு வரைக்கும்."

"அம்மா?"

"அம்மா காவல்" என்றான் முகிலன், அதில் சொல்ல மேற்கொண்டு ஒன்றுமில்லை என்பது போல.

சமையலறையிலிருந்து எழில் எட்டிப் பார்த்தான். மூன்று நாளாக வீட்டில் யாருக்கும் கஞ்சித் தண்ணீரும் சூப்புத் தெளிவும் தவிர வேறு கிடையாது. குடல் காலியாக இருந்தால்தான் நெடுந்தூக்கம். "பாரு, பிள்ளை முகம் எப்படிச் சுருங்கிப் போச்சுன்னு" என்றான். "மூணு மாசத்துக்குத் தூங்கப் போற குழந்தையை வெறும் வயித்தோட அனுப்புற ஊர் இது ஒண்ணுதான்."

"வயித்துல ஒரு பருக்கை இருக்கக் கூடாதுங்க. தெரியும்ல?"

"தெரியும், தெரியும். நீ கிளம்பு."

எழில் வளர்ந்த வீட்டில் பிள்ளைகள் சாப்பிடாமல் தூங்கிவிட்டால் விட மாட்டார்கள். தூக்கத்திலிருந்து தூக்கி நிறுத்தி, கண் திறக்காமலே நான்கு வாய் ஊட்டி, வாயைத் துடைத்துத்தான் மறுபடி படுக்க வைப்பார்கள். அவனும் தன் பிள்ளைகளுக்கு அப்படித்தான் செய்து வந்தான். அரைத்தூக்கத்தில் மெல்லும் அந்தக் கன்னத்தைப் பார்ப்பதில் அவனுக்கு ஒரு தனி நிம்மதி. மேகலாவுக்கு அது தெரியும். தெரிந்திருந்தும் அன்றைக்கு அவள் அதை நினைக்கவில்லை.

மாலையில் மூவரையும் கூட்டில் படுக்க வைத்தவள் அவள்தான். எழில் நடுவில், இருபுறமும் பிள்ளைகள். முகிலன் ஏதோ விளையாட்டுக் கணக்கை விரல்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தவன் பாதியில் உறைந்தான். தேனு கொட்டாவி விட்ட வாயை மூடும் முன் உறங்கிவிட்டாள். எழில் மேகலாவின் கையைப் பிடித்து, "காலையில பார்ப்போம்" என்றான்.

ஒவ்வொரு முறையும் அவன் சொல்வது அதைத்தான்.

*

வசந்தத்தில் ஹால்மோ மொத்தமும் ஒரே நாளில் கண் விழிக்கும். முதல் வருடம் மேகலா அந்த நாளுக்காகத் தவம் கிடந்தாள். கூட்டின் மூடி திறந்ததும் முகிலன் சொன்ன முதல் வாக்கியம், "அம்மா, என் நீலப் பந்தைத் தேனு ஒளிச்சு வெச்சிட்டா." தூங்கும் முன் விட்ட சண்டையை அவன் தொடர்ந்தான், அவ்வளவுதான். அவள் அவனை வாரி அணைத்தபோது, "ஏம்மா இப்படி இறுக்குற, மூச்சு முட்டுது" என்று நெளிந்தான்.

திண்டுக்கல்லில் அவள் டியூட்டிக்குப் போன ராத்திரிகளில் மாமியார் போன் செய்வாள். "பய உன்னைத் தேடுறாம்மா, ஒரு வார்த்தை பேசிட்டு வை" என்பாள். அப்போது அது ஒரு பாரமாக இருந்தது. இங்கே வந்த பிறகுதான் தேடப்படுவது எவ்வளவு பெரிய சொத்து என்று அவளுக்குப் புரிந்தது. வருடத்தில் மூன்று மாதம் அவள் இவர்களைத் தேடினாள். இவர்கள் அவளை ஒரு நாள்கூடத் தேடியதில்லை. தேட அவர்களுக்கு நேரமே இருந்ததில்லை.

இரண்டாவது குளிர்காலத்தில் அவளுடைய அப்பா இறந்துபோனார். கப்பலும் விமானமும் இல்லாத இருட்டு மாதம். உறக்கமனையின் துணி துவைக்கும் அறையில் இயந்திரத்தின் இரைச்சலை மறைப்பாக வைத்துக்கொண்டு அவள் அழுது தீர்த்தாள். எழில் கண் விழித்ததும் சொன்னாள். அவன் புதிதாக உடைந்து அழுதான். மாமா அவனுக்கு அப்பா மாதிரி. அழுது முடித்துக் காய்ந்துபோன துக்கத்தோடு அவள் உட்கார்ந்து அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அன்றைக்கு அவளுக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்பதே யாருக்கும் தோன்றவில்லை. அவள் முகம் தெளிவாக இருந்ததே!

அவனிடம் கேட்க அவளுக்கு ஒன்று இருந்தது. ஒவ்வொரு வருடமும் இலை உதிரத் தொடங்கும்போது அது தொண்டை வரை வரும். ஆனால் எழில் தனியாக உட்கார்ந்து சாப்பிடக்கூட மாட்டான். மின்சாரம் போனால் முதலில் அவள் பெயரைத்தான் கூப்பிடுவான். கோடை முழுவதும் படகுத்துறையில் இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டி, இரண்டு பிள்ளைகளையும் கரை சேர்ப்பது போலச் சிரிக்கச் சிரிக்க வளர்ப்பவன். அவனிடம் போய் எப்படிக் கேட்பது? வேண்டாம் என்று விழுங்கிவிடுவாள்.

*

இந்தக் குளிர்காலத்தில் நகரம் தூங்கி மூன்றாவது வாரம், எழிலும் பிள்ளைகளும் படுத்திருந்த கூட்டின் மேலிருந்த சின்ன விளக்கு மஞ்சளுக்கு மாறியது.

மேகலா பக்கத்து வரிசையில் இருந்தாள். ஓடி வந்து பார்த்தபோது அவளுக்கு முதலில் புரியவில்லை. எழிலின் துடிப்பு சீராக இருந்தது. முகிலனுடையது அதன் பின்னாலேயே, வால் பிடித்த மாதிரி வந்துகொண்டிருந்தது. தேனுவினுடையது இரண்டு அடி ஓடி, நின்று, மறுபடி ஓடியது. வயிறு லேசாக உப்பியிருந்தது.

மருத்துவர் மார்த்தே, சட்டையைப் பாதி பொத்தானிட்டபடி வந்தாள். குளிர்காலம் முழுக்க விழித்திருக்கும் உள்ளூர்க்காரர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்களில் அவள் ஒருத்தி. இத்தனை வருடத்தில் மேகலா அந்த ஊர் மொழியைக் கற்றுக்கொண்டதே அவளோடு பேசித்தான்.

"குடலில் ஏதோ அழுகுகிறது" என்றாள் மார்த்தே, வயிற்றை அழுத்திப் பார்த்து. "தூக்கத்தில் குடல் அசையாது. உள்ளே உணவு இருந்தால் அது கெட்டுப்போய் விஷமாகும். இவளை எழுப்பியாக வேண்டும், மேகலா. இப்போதே."

"எழுப்பினா மறுபடி தூங்க வைக்க..."

"இந்தக் குளிர்காலத்தில் முடியாது. அந்த மருந்தை ஒரு குளிருக்கு இரண்டு முறை ஒரு குழந்தைக்குத் தர முடியாது. துடிப்பைப் பிரிக்கிறேன். நீங்கள் செவிலியராக நிற்கிறீர்களா, அம்மாவாக நிற்கிறீர்களா? அம்மாவாக என்றால் வெளியே போய் நில்லுங்கள்."

மேகலா கையுறையை மாட்டிக்கொண்டாள். "ஊசியைக் கொடுங்க" என்றாள்.

எல்லாம் முடிந்து, தேனுவின் உதடு நீலத்திலிருந்து ரோஜாவாகி, அவள் வாந்தியெடுத்து, வீறிட்டு அழுத பிறகுதான் கையுறையைக் கழற்றினாள். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"விடிஞ்சிருச்சா?" என்றாள் தேனு, குரல் கரகரக்க. "அப்பா எங்க?"

"அப்பா தூங்குறாங்க கண்ணு. உனக்கு வயிறு சரியில்ல, அதான் எழுப்பினோம். கிளம்புறதுக்கு முன்னாடி ஏதாச்சும் சாப்பிட்டியா?"

தேனு கூட்டின் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அப்பா சொன்னாங்க."

"பரவாயில்ல, சொல்லு."

"தயிர்சாதம். ரெண்டே ரெண்டு வாய். நான் பசிக்குதுன்னு அழுதேம்மா. அண்ணன் வேண்டாம்னுட்டான்."

மேகலா இதை மொழிபெயர்த்துச் சொன்னபோது மார்த்தே நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பெருமூச்சு விட்டாள். "எங்கள் ஊர் அப்பாக்களுக்கும் இந்த நாளில் மனசு கேட்காது. ஆனால் அவர்கள் அழுவார்கள், ஊட்ட மாட்டார்கள். உங்கள் கணவரோடு வசந்தத்தில் நான் கொஞ்சம் உரக்கப் பேச வேண்டியிருக்கும்."

"எனக்கு அப்புறம் பேசுங்க" என்றாள் மேகலா. அவளுக்குக் கோபம் கொதித்தது. கண்ணாடிக்குள் வாயைக் கொஞ்சம் திறந்தபடி படுத்திருந்த எழிலைப் பார்த்தாள். அரைத்தூக்கத்தில் பிள்ளை மெல்லுவதைப் பார்க்கும் அவன் முகம் நினைவுக்கு வந்தது. ஒரு மகளை ஏறக்குறைய கொன்றிருக்கக்கூடிய அந்தப் பாசத்தைத் திட்டுவதற்குக்கூட வசந்தம் வரை காத்திருக்க வேண்டும் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

*

உண்மையைச் சொன்னால், அதற்குப் பின் வந்த நாட்களைப் போல மேகலா ஹால்மோவில் வாழ்ந்ததே இல்லை.

ஊழியர் குடியிருப்பில் அவளுக்கு இருந்தது ஒரு கட்டிலும் ஒரு மேசையும். அந்தக் கட்டிலில் இப்போது ஒரு சின்னக் கால் அவள் வயிற்றில் உதைத்துக்கொண்டு தூங்கியது. சாப்பாட்டுக் கூடத்தில் விழித்திருக்கும் முப்பது பேருக்கும் தேனு செல்லமானாள். கொதிகலன் பார்க்கும் பௌலோஸ், கோட்டயத்துக்காரர், பெரிய மீசை. அவர்தான் முதல் ரசிகர்.

"எந்தா மோளே, எல்லாரும் தூங்குறப்போ நீ மட்டும் டியூட்டியா?"

"ஆமா மாமா. எனக்குச் சம்பளம் தருவாங்களா?"

"தருவாங்க, தருவாங்க. ரெண்டு வாய் தயிர்சாதம்!"

"மாமா!" என்று தேனு அவர் தொடையில் குத்துவாள். கூடமே சிரிக்கும்.

பொங்கலன்று மேகலா ஆய்வகத்துச் சின்ன அடுப்பில் பால் பொங்க வைத்தாள். ஹால்மோவுக்கு வந்த பிறகு தேனு பார்க்கும் முதல் பொங்கல் அது. மற்றப் பொங்கல்கள் எல்லாம் அவள் தூக்கத்தில் போயிருந்தன. ஜன்னலுக்கு வெளியே மதியம் பன்னிரண்டு மணிக்கும் கும்மிருட்டு.

"சூரியனுக்குத்தானே பொங்கல்? சூரியன் எங்கம்மா?"

"திண்டுக்கல்ல இருக்கு."

"லீவுல போயிருக்கா?"

"ஆமா. வரும்."

வாய்விட்டுச் சிரித்துத் தன் சிரிப்புச் சத்தமே தனக்கு அந்நியமாக இருந்தபோதுதான் மேகலாவுக்கு உறைத்தது, நான்கு குளிர்காலமாக இந்தக் கட்டடத்துக்குள் தான் சிரித்ததே இல்லை என்று.

ஆனால் தேனு நாள் தவறாமல் கூட்டுக்கு அருகே போய் நிற்பாள். கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு அப்பாவிடம் பேசுவாள். முன்பல் ஆடத் தொடங்கியபோது வாயைத் திறந்து காட்டினாள். அது விழுந்தபோது பல்லையே காட்டினாள். "அப்பா, பாருங்க." எழிலின் இமை அசையவில்லை. முகிலன் பக்கம் போய், "டேய் அண்ணா, ஒரு தடவை எழுந்து என்னைத் திட்டிட்டுத் தூங்குடா" என்றாள்.

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

"அவங்களுக்கு நான் இல்லாதது தெரியவே தெரியாதா?" என்று கேட்டாள்.

"தெரியாது கண்ணு."

"எனக்கு மட்டும் ஏன் தெரியுது?"

மேகலா அவள் தலையைக் கோதினாள். தனக்கு மட்டுமே தெரிந்த ஒரு வலிக்கு ஒரு கூட்டாளி கிடைத்திருக்கிறாள் என்ற நிம்மதியும், அந்தக் கூட்டாளிக்கு ஆறே வயது என்ற வேதனையும் ஒரே சமயத்தில் அவளை அடைத்தன.

பனி இளகத் தொடங்கிய வாரத்தில் மார்த்தே அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள்.

"உங்கள் மகளுக்கு உடம்பு தேறிவிட்டது. அடுத்த குளிருக்கு அவள் தாராளமாகத் தூங்கலாம். ஆனால் ஒருமுறை துடிப்புப் பிரிந்த குழந்தைக்கு, தூக்கம் வேண்டாம் என்று நான் விலக்கு அளிக்கவும் முடியும். கூடத்தில் எல்லோருக்கும் அவளைப் பிடித்திருக்கிறது. நீங்களும் நன்றாகத் தெரிகிறீர்கள், மேகலா. இந்த வருடம்தான் உங்கள் கன்னத்தில் சதையைப் பார்க்கிறேன். இனி ஒவ்வொரு குளிருக்கும் அவள் உங்களோடு விழித்திருக்கட்டுமா?"

ஆமாம் என்ற சொல் மேகலாவின் வாய்க்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. "நாளைக்குச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

அறைக்குத் திரும்பியபோது தேனு போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். மூலைக்கு மூலை பொருத்தி, செவிலியர்கள் மடிக்கும் அதே மடிப்பு. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். இந்தக் கட்டடத்தில் எல்லோரும் பேசுவது போல மெல்லப் பேச அவள் கற்றிருந்தாள். அவள் ஓடி எவ்வளவு நாளாயிற்று என்று மேகலா யோசித்தாள்.

"தலைவலியாம்மா? நீ படு. மாமாவும் நானும் சுத்தி வந்து விளக்கெல்லாம் பச்சையான்னு பார்த்துட்டோம். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் ஒண்ணும் இல்ல. நான் பார்த்துக்கறேன்."

யாரோ பளாரென்று அறைந்தது போலிருந்தது மேகலாவுக்கு.

அது அவளுடைய வாக்கியம். அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லித்தான் அவள் இந்த இருட்டுக்குள் வந்து சேர்ந்தாள். அதைச் சொல்பவர்களுக்கு என்ன ஆகும் என்று உலகத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். முதலில் நாலு பேர் மெச்சுவார்கள். பிறகு பழகிவிடும். பிறகு யாரும் கேட்கவே மாட்டார்கள். பல் விழுந்த வாயோடு ஒரு பிள்ளை அதைச் சொல்கிறது, ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் கனவுகூட இல்லாமல் தூங்கும்போது.

அவள் தேனுவை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். "நீ பார்த்துக்க வேண்டாம்" என்றாள். "நீ ஒண்ணையும் பார்த்துக்க வேண்டாம்டி தங்கம்." தேனுவுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் மார்த்தேயிடம் போய், "அவ தூங்குவா" என்றாள் மேகலா.

"நீங்கள்?"

"அதை வேற ஒருத்தர்கிட்ட பேசணும்."

*

மூடி திறந்தது. எழில் கண் சிமிட்டினான். "காலை வணக்கம் காவல்காரம்மா" என்று சிரித்தவன், இடது பக்கம் கை நீட்டித் துழாவினான். வெறும் மெத்தை. தலையைத் திருப்பினான். சற்றுத் தள்ளி, மேகலாவின் கையைப் பிடித்தபடி தேனு நின்றாள். இரண்டு மாதத்துக்கு மேல் வளர்ந்திருந்தாள். முன்பல் இருந்த இடத்தில் புதுப் பல் அரிசி போல எட்டிப் பார்த்தது.

"பாப்பா?" என்றான். அடையாளம் தெரிந்தும் தெரியாத குரல்.

தேனு ஓடிப்போய் அவன் மேல் விழுந்து விக்கி விக்கி அழுதாள். "ஏன்ப்பா எழுந்திருக்கவே இல்ல? எவ்வளவு கூப்பிட்டேன்!"

முகிலன் எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கினான். "இவ ஏன் அழுறா? நான் ஒண்ணுமே பண்ணலையே?"

மார்த்தே சொன்னபடி உரக்கப் பேசினாள். எழில் தலை குனிந்து கேட்டுக்கொண்டான். மேகலா அதன்பின் பேசியதற்குச் சத்தமே தேவைப்படவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள்: மஞ்சள் விளக்கு, நின்று ஓடிய துடிப்பு, நீல உதடு. எழில் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான், அது வேறு யாருடையதோ என்பது போல.

அன்று மாலை வீட்டில் பிள்ளைகள் வாசலில் இளகிய பனியை உருட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மலைக்கு மேலே சூரியன் ஒரு கீற்று நின்றது. எழில் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தான். முன்னே வைத்த காபி ஆறிப்போயிருந்தது.

"அவ பல்லு விழுந்தப்போ நான் அங்கேயே படுத்திருந்தேன்ல?" என்றான்.

"ஆமா. கண்ணாடிகிட்ட கொண்டு வந்து காட்டினா."

"எனக்கு ஒரு ராத்திரி மேகலா. ஒரே ஒரு ராத்திரி தூங்கி எழுந்தேன், பிள்ளை வேற மாதிரி நிக்கிறா. நெஞ்சே அடைச்சிருச்சு." அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் காதோரத்தில் நரைத்திருந்த முடியை அவன் இன்றைக்குத்தான் பார்க்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. "உனக்கு இப்படித்தான் வருஷா வருஷம் இருந்துச்சா?"

அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

"மாமா செத்தப்போகூட..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். பிறகு, அடிபட்டவன் தானே கட்டுப் போட்டுக்கொள்ளும் அவசரத்தோடு ஒரு வழி கண்டுபிடித்தான். "மார்த்தே சொன்னாங்க, தேனு இனிமே முழிச்சே இருக்கலாமாமே. விலக்கு தருவாங்களாம். அப்படியே பண்ணிருவோம் மேகலா. உனக்கு ஒரு துணை ஆச்சு. நான் கவலையில்லாம தூங்குவேன். அவளும் கெட்டிக்காரி, உன்னை மாதிரியே. பௌலோஸ் அண்ணன் சொன்னாரு, ஆறு வயசுல எவ்வளவு பொறுப்புன்னு..."

"வேண்டாம்."

"ஏன்? அவளே ஆசைப்படுறா. என்கிட்ட வந்து கேட்டா, அம்மா தனியா இருக்கும்ப்பான்னு."

"அதனாலதான் வேண்டாம்ங்கறேன். என்னைப் பார்த்துக்க ஆறு வயசுப் பிள்ளை முழிச்சிருக்கக் கூடாது. அவ தூங்கணும். பாதியில விட்ட சண்டையை எழுந்திரிச்சுத் தொடரணும். பொறுப்பெல்லாம் அப்புறம் வந்தா போதும்."

"அப்போ நீ?"

இதோ, அது வந்துவிட்டது. நான்கு இலையுதிர்காலங்களில் விழுங்கியது அனைத்தும் தொண்டையில் ஒன்றாக நின்றது. எப்போதும் இந்த இடத்தில்தான் அவள் எழுந்து காபியைச் சூடுபண்ணப் போவாள். இன்றைக்கு அவள் எழவில்லை. நாற்காலியை இழுத்து அவனுக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கொதிகலன் அறைக்கு ஆள் வேணும்னு பௌலோஸ் அண்ணன் சொல்லிட்டிருக்காரு. உங்களுக்குத் தெரிஞ்ச வேலை. இந்தக் கோடையிலேயே கத்துக்கொடுக்கறேன்னாரு."

எழிலுக்கு அது எங்கே போகிறது என்று மெல்லத்தான் புரிந்தது. அவன் முகத்தில் பயம் வந்ததை மேகலா பார்த்தாள். அந்தப் பயத்தைப் பார்த்துத்தான் இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அது உண்மையான பயம். இருட்டும் தனிமையும் அவனுக்கு எப்படி இருக்கும் என்று அவளைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. அவன் மேல் பிரியம் ஒரு பொட்டும் குறையவில்லை. ஆனாலும் அவள் கண்ணை எடுக்கவில்லை.

"மேகலா, நான்... தனியா..."

"தெரியும்ங்க. கஷ்டமாத்தான் இருக்கும். எனக்கும் இருந்துச்சு."

வெளியே முகிலன் ஏதோ கத்தினான், தேனு அதைவிடச் சத்தமாகக் கத்தினாள். மேகலா மேசைக்குக் குறுக்கே கை நீட்டி, அவன் விரல்களை இறுகப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"வர்ற குளிருக்கு பிள்ளைங்க நடுவுல நான் படுத்துக்கறேன். எனக்குப் பதிலா நீங்க முழிச்சிருக்கீங்களா?"